எண்ணும் எழுத்தும்: சம்புநாத் டேயின் ஆராய்ச்சியும் மேற்கோள் அளவையும்

ஓர் அறிஞரின் பெருமையை அளக்குங்கால் எதனை அளவுகோலாகக் கொள்வது என்பது பழைய வினா. அவர் எழுதியவற்றின் தொகையை எண்ணுவார் சிலர். அவற்றைப் பிறர் எத்துணை முறை எடுத்தாண்டனர் என்று எண்ணுவார் வேறு சிலர். இவ்விரண்டாவது முறை இந்நாளில் உலகெங்கும் செல்வாக்குப் பெற்றுள்ளது. சர்வகலாசாலைகளில் ஆசிரியரை நியமிக்கும்போதும், பதவி உயர்த்தும்போதும், ஆராய்ச்சிக்குப் பொருளுதவி வழங்கும்போதும் மேற்கோள் தொகை வினாவப்படுகின்றது. வைத்திய ஆராய்ச்சித் துறையில் இவ்வழக்கு ஆழ வேரூன்றியுள்ளது. இவ்வளவை எதனை அளக்க வல்லது, எதனை அளக்கமாட்டாது என்பதை ஒருவருடைய வரலாற்றின் துணைகொண்டு ஆராய்தல் தகும். அதற்கு மிகவும் பொருத்தமானவர் கல்கத்தாவில் வாழ்ந்து வாந்திபேதி நோயை ஆராய்ந்த சம்புநாத் டே என்னும் வைத்திய அறிஞர்.

மேற்கோள் காட்டுதல் தமிழர்க்குப் புதிய செயலன்று. இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் பரிமேலழகரும் தாம் கொண்ட பொருளை நிறுவும் பொருட்டு முன்னோர் நூல்களினின்றும் சான்று காட்டிச் சென்றனர். தகடூர் யாத்திரை முழுநூலாக இன்று கிடைத்திலது. உரைகளிலும் திரட்டு நூல்களிலும் எடுத்தாளப்பட்ட செய்யுள்களாலேயே அதன் பெயரும் பெற்றியும் அறியப்படுகின்றன. யாப்பருங்கல விருத்தியுரை இன்றேல் இறந்துபட்ட நூல்கள் பலவற்றின் பெயர்தானும் எஞ்சியிராது. ஆகவே மேற்கோள் என்பது அறிவின் நினைவு எனலாம். ஆயினும், உரையாசிரியர் எவரும் ஒரு செய்யுள் எத்தனை இடங்களில் எடுத்தாளப்பட்டது என்று எண்ணி அதன் சுவையை முடிவு செய்தாரல்லர். சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையை அச்சேற்றும் வரை அது ஏட்டுச் சுவடிகளிற் கிடந்தது. அக்காலத்திற் கற்பார் அருகினமையால் அந்நூலின் தகுதி குன்றிற்று என்று எவரும் கூறார். குன்றியது நூலன்று, அதனை நோக்கிய கண்களின் தொகையே.

இக்கருத்தை உளங்கொண்டு சம்புநாத் டேயின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். அவர் 1915ஆம் ஆண்டு பெப்புருவரி மாதம் 1ஆந் திகதி வங்காளத்து ஊக்ளி மாவட்டத்திற் கரிபாட்டி என்னும் சிற்றூரிற் பிறந்தார். கல்கத்தா வைத்தியக் கல்லூரியிற் பயின்று 1939இல் வைத்தியப் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் நகரிலே சேர் றோய் கமரன் என்னும் நோயியற் பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்து 1949இல் கலாநிதிப் பட்டத்துடன் தாயகம் மீண்டார். கல்கத்தாவில் முதலில் நீல் இரத்தன் சர்க்கார் வைத்தியக் கல்லூரியிலும், 1955 முதல் 1973இல் இளைப்பாறும் வரை தாம் பயின்ற வைத்தியக் கல்லூரியிலும் பணியாற்றினார். அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல் தொகையாற் பெரியதன்று. அப்பட்டியலில் மூன்று கட்டுரைகள், 1953இலும் 1956இலும் 1959இலும் வெளிவந்தவை, அவர் பெயரை நிலைநிறுத்துவன.

அக்கட்டுரைகளின் பெறுமதியை உணர்தற்கு அவை தோன்றிய காலத்து நிலையை அறிதல் வேண்டும். வாந்திபேதி ஒரு நாளிலேயே பத்து இலீற்றருக்கு மேற்பட்ட நீரை உடலினின்றும் வெளியேற்ற வல்ல நோய். சிகிச்சையின்றேல், கடுமையாகத் தாக்குண்டோரிற் பாதிப்பேர் வரை மாண்டொழிவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணக் குடாநாடும் இந்நோயால் அல்லலுற்றது. மானிப்பாயில் வைத்தியம் புரிந்து மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழிற் பெயர்த்த சாமுவேல் கிறீன் (1822-1884) காலத்து மக்கள் அதன் கொடுமையை நன்கறிந்திருந்தனர். 1884இல் றொபேட் கொக் என்னும் ஜேர்மானிய அறிஞர் கல்கத்தாவிலே நோய்க்கிருமியை இனங்கண்டு, அக்கிருமி ஒருவகை நஞ்சைச் சுரத்தல் கூடும் என்றும் கருதினார். ஆனால் அந்நஞ்சைக் காட்டுதற்கு அவராலும் அவர்க்குப் பின் வந்தோராலும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இயலவில்லை.

இயலாமைக்குக் காரணம் யாது? ஆராய்ச்சியாளர் பலர் நஞ்சைத் தேடிய இடம் பிழைத்தது. கிருமியையும் அதன் சாற்றையும் விலங்குகளின் வயிற்றறையிலும் குருதியிலும் செலுத்தி, அவை இறத்தலைக் கண்டு, இதுவே வாந்திபேதியின் செயல் என்று கொண்டனர். றிச்சாட் பைபர் 1892 அளவில் எடுத்துரைத்த கொள்கை, நஞ்சு கிருமியின் உடலுள்ளே அடங்கியிருந்து, கிருமி சிதையும்போது வெளிப்படுவது என்பதாகும். அக்கொள்கை நெடுங்காலம் வாந்திபேதி ஆராய்ச்சியை ஆண்டது. குடலின் உட்படை உரிந்து வீழ்வதனாலேயே நீர் கசிகின்றது என்ற எண்ணமும் அக்காலத்து நூல்களில் நிலவியது.

டே வினாவையே மாற்றினார். வாந்திபேதி குடலில் நிகழும் நோயாயின், அதன் செயலைக் குடலிலன்றோ நோக்குதல் வேண்டும்? 1953இல் அவரும் சட்டர்ஜி என்பவரும் வெளியிட்ட கட்டுரை இவ்வெளிய சிந்தனையிற் பிறந்தது. உயிருள்ள முயலின் சிறுகுடலில் ஒரு துண்டத்தை, வெட்டாது, இரு முனையிலும் நூலாற் கட்டி, அக்கட்டினுள்ளே கிருமி வளர்ந்த திரவத்தைச் செலுத்தினர். ஒரு நாள் கழிந்தபின் நோக்க, அத்துண்டம் நீரால் நிறைந்து பொம்மியிருந்தது. கிருமி செலுத்தாத துண்டமோ வெறுமையாய்க் கிடந்தது. நூலும் முயலும் ஊசியுமன்றி விலையுயர்ந்த கருவி எதுவும் இப்பரிசோதனைக்கு வேண்டப்படவில்லை.

1956ஆம் ஆண்டுக் கட்டுரையில் இதே முறை வேறொரு கிருமிக்குப் பயன்படுத்தப்பட்டது. மனிதரின் குடலில் இயல்பாகவே வாழும் கோலி இனத்துக் கிருமிகளிற் சில, வயிற்றோட்ட நோயாளரிடமிருந்து எடுக்கப்பட்டவை, முயற்குடலில் வாந்திபேதிக் கிருமியைப் போலவே நீரைத் திரட்டின. பிற்காலத்திற் குழந்தைகளின் வயிற்றோட்டம் பற்றிய ஆராய்ச்சி பெரிதாக விரிவதற்கு இஃது ஒரு தோற்றுவாய்.

முடிவான சான்று 1959ஆம் ஆண்டு மே மாதம் 30ஆந் திகதி வெளிவந்த 'நேச்சர்' சஞ்சிகையில் அமைந்தது. இரு பக்கங்களில் அடங்கிய சிறு கட்டுரை அது. கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, ஒரு கிருமியும் எஞ்சாது நீக்கி, அவ்வடிதிரவத்தை மட்டும் முயற்குடலிற் செலுத்தினார் டே. அப்போதும் குடல் நீரால் நிறைந்தது. எனவே நோயை விளைப்பது கிருமி வெளியே சுரக்கும் ஒரு நஞ்சு. அது செயற்படுவது குடலில் என்பது போதருகின்றது. கொக் ஊகித்ததற்குச் சான்று கிடைத்தது. பைபர் வழிவந்த கொள்கை, வாந்திபேதியைப் பொறுத்தவரை, இடந்தவறிய கொள்கையாயிற்று.

அக்கட்டுரையை விமரிசன நோக்கோடு கற்பார்க்கு அதன் சிறப்பும் குறையும் ஒருங்கே புலப்படும். சிறப்பு, வினாவுக்கும் விடைக்கும் இடையே தேவையற்ற சொல் ஒன்றும் இன்மை. ஒரு கொள்கை பொய்யாதற்கு எது வேண்டுமோ அதனை மட்டும் செய்து காட்டுதல் ஆராய்ச்சியின் உயர்ந்த நிலை. அது இங்கே வாய்த்துள்ளது. குறை, நஞ்சு உண்டு என்று நிறுவியதன்றி அது யாது என்று கூறாமை. அதனைத் தூய்மைப்படுத்திப் பிரித்தெடுக்கும் பணி 1969இல் அமெரிக்காவிற் பின்கல்ஸ்டீன், லோஸ்பலூட்டோ என்போரால் நிறைவேறியது. அந்நஞ்சு ஒரு புரதம் என்பதும், குடற்கலத்தினுள் ஒரு நொதியத்தைத் தூண்டி உப்பையும் நீரையும் இடைவிடாது வெளியேற்றச் செய்கின்றது என்பதும் பின்னர்த் தெளிவாயின. குடலின் உட்படை உரிவதில்லை என்பதும் உறுதியாயிற்று. உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைப் பருகக் கொடுத்து நோயாளரைக் காக்கும் சிகிச்சை, 1971இல் வங்காள அகதி முகாம்களிற் பல்லாயிரவர் உயிரைக் காத்தது. அச்சிகிச்சை டேயின் கட்டுரையிலிருந்து நேரே பிறந்ததன்று. அதற்கு வேறு ஆராய்ச்சி வழி உண்டு. எனினும் சிதையாத குடல் ஏன் நீரை இழக்கின்றது, ஏன் மீண்டும் அதனை ஏற்க வல்லதாகின்றது என்பதை விளங்கிக்கொள்ள இவ்விரு வழிகளும் ஒன்றற்கொன்று துணையாயின.

இத்தகைய கட்டுரையை விஞ்ஞான உலகம் எவ்வாறு வரவேற்றது? பல ஆண்டுகள் பெரும்பாலும் மௌனமே விடையாயிற்று. அது தோன்றிய சஞ்சிகை எவரும் அறியாத சஞ்சிகையன்று. விஞ்ஞானிகள் வாரந்தோறும் புரட்டும் சஞ்சிகை. எனவே கீழைத்தேசத்தவர் எழுத்து ஒதுக்கான இடத்தில் வெளிவந்தமையால் மறைந்தது என்னும் வழக்கமான சமாதானம் இங்கே பொருந்தாது. அக்காலத்தில் மேனாட்டு ஆய்வுகூடங்களில் வாந்திபேதி ஒரு பழங்கதையாகவும் வறிய நாட்டார் நோயாகவும் கருதப்பட்டது. 1961இல் இந்தோனேசியாவினின்றும் புறப்பட்ட ஏழாவது பெரும்பரவலுக்குப் பின்னரே பலருடைய நோக்கு அந்நோயின்பால் மீண்டது. காணப்படாமைக்குக் காரணம் விளக்கின் மங்கலன்று. அவ்வழியே செல்வார் இன்மை. இதற்கு முன்னுதாரணமும் உண்டு. இத்தாலி நாட்டுப் புளோரன்ஸ் நகரத்துப் பிலிப்போ பச்சினி 1854இலேயே வாந்திபேதிக் கிருமியைக் கண்டு எழுதினார். கொக் புகழ்பெற்ற காலத்திற் பச்சினியை நினைந்தார் அரியர். 1965இலேதான் அக்கிருமியின் விஞ்ஞானப் பெயரோடு பச்சினியின் பெயரும் அவர் கண்ட ஆண்டும் முறையாக இணைக்கப்பட்டன.

மேற்கோளை எண்ணும் முறை டேயின் வரலாற்றோடு தொடர்புறும் இடம் இனி வருகின்றது. யூஜின் கார்பீல்ட் என்னும் அமெரிக்கர் 1955இல் எடுத்துரைத்து 1964இல் ஒழுங்காக வெளியிடத் தொடங்கிய விஞ்ஞான மேற்கோட் சுட்டி, ஒவ்வொரு கட்டுரையின் உசாத்துணைப் பட்டியலையும் தொகுத்து, எதனை எவர் எடுத்தாண்டனர் என்று காட்டுவது. அது முதலில் அறிஞரைத் தரம்பிரிக்கும் பொருட்டு எழுந்ததன்று. ஒரு கருத்து எங்கெங்கே சென்றது என்று தேடுவார்க்கு வழிகாட்டும் பொருட்டு எழுந்தது. டே 1985ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 15ஆந் திகதி காலமானார். அடுத்த ஆண்டிலே, அச்சுட்டியைத் தோற்றுவித்த கார்பீல்டே, வாந்திபேதி ஆராய்ச்சியின் போக்கையும் அதிற் டேயின் இடத்தையும் மேற்கோள்களின் துணையால் வரைந்து காட்டி, 1959ஆம் ஆண்டுக் கட்டுரை நெடுங்காலம் உரிய கணிப்புப் பெறாதிருந்ததை எடுத்துரைத்தார். எண்ணும் முறையின் தந்தையே எண்ணிக்கை தவறவிட்டதை உலகுக்கு உணர்த்தினார் என்பது கருதத்தக்கது.

டேயின் கட்டுரைகளை வைத்து நோக்கின், எண்ணிக்கை வழுவும் இடங்கள் நான்கு புலனாகும். முதலாவது, காலம். ஒரு கட்டுரை தோன்றிய சில ஆண்டுகளுக்குள் பெறும் மேற்கோளே பெரும்பாலும் கணிக்கப்படுகின்றது. அக்கணிப்பின்படி 1959ஆம் ஆண்டுக் கட்டுரை சிறப்பற்றதாகும். நெடுநாள் உறங்கிப் பின் விழிக்கும் இத்தகைய கட்டுரைகளை 'உறங்கும் அழகிகள்' என்று இத்துறையார் 2004 முதல் வழங்கி வருகின்றனர்.

இரண்டாவது, பயன்பாட்டுக்கும் கண்டுபிடிப்புக்கும் உள்ள வேற்றுமை. ஒரு முறையை விளக்கும் கட்டுரையை அம்முறையைக் கையாள்வார் அனைவரும் எடுத்தாள்வர். ஒலிவர் லோறி 1951இல் புரதத்தை அளக்கும் முறையொன்றை விளக்கி எழுதிய கட்டுரை, 2014இல் எடுத்த கணக்கின்படி மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள் பெற்று எல்லாவற்றிலும் முதன்மை எய்தியது. அது பயனுள்ள கட்டுரை. ஆயின் உலகத்தின் தலைசிறந்த கண்டுபிடிப்பு அதுவே என்று எவரும் வாதிடார்.

மூன்றாவது, எடுத்தாளுதல் உடன்படுதலாகாது. அன்றூ வேக்பீல்டும் பிறரும் 1998இல் தடுப்பூசியைக் குழந்தைகளின் நோயொன்றோடு தொடர்புபடுத்தி எழுதிய கட்டுரை, பிழையுடையதெனக் கண்டு 2010இல் மீளப்பெறப்பட்டது. அதனை எடுத்தாண்டோர் மிகப் பலர். அவருள்ளும் மறுத்தற்கே எடுத்தாண்டவர் பலர். எண்ணிக்கை புகழ்வாரையும் இகழ்வாரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கின்றது.

நான்காவது, முழு வெற்றி தன் பெயரையே அழித்துவிடுதல். வாந்திபேதிக் கிருமி குடலில் நஞ்சைச் சுரந்து நீரை வெளியேற்றுகின்றது என்று இன்று வைத்திய மாணவர் எல்லாரும் கற்கின்றனர். அதற்குச் சான்று காட்டுவார் அரியர். அனைவரும் அறிந்ததற்குச் சான்று எதற்கு? கருத்து பொதுவுடைமையாகும்போது கண்டவர் பெயர் உதிர்ந்து போகின்றது. மேற்கோள் குறைதல் அங்கே தோல்வியின் அடையாளமன்று.

இவற்றோடு 2005இல் கேர்ஷ் என்னும் பௌதிக அறிஞர் வகுத்த சுட்டெண்ணையும் சேர்த்து நோக்கலாம். ஒருவர் எழுதிய கட்டுரைகளுள் இருபது கட்டுரைகள் ஒவ்வொன்றும் இருபது முறைக்குக் குறையாது எடுத்தாளப்பட்டிருப்பின் அவர் சுட்டெண் இருபது. இக்கணக்கின்படி மூன்று கட்டுரை மட்டும் எழுதிய ஒருவர், அவை ஒவ்வொன்றும் உலகின் எண்ணத்தையே மாற்றினும், மூன்றுக்கு மேற்பட்ட எண்ணைப் பெறல் இயலாது. நெல்லியடிச் சந்தையிலே கூட்டம் மிகுந்த கடையைக் கண்டு அங்கே விற்பனை மிகுதி என்று கூறுதல் பிழையன்று. அதனாலேயே அங்குள்ள பண்டம் சிறந்தது என்று கூறுதல் துணிவு. பண்டத்தைக் கையிலெடுத்துப் பார்க்கும் வேலையை எந்தக் கூட்டமும் ஒருவர்க்காகச் செய்து தராது.

எனினும் எண்ணிக்கையை முற்றாகத் தள்ளுதலும் நேர்மையாகாது. எண்ணிக்கை இல்லாத இடத்தில் உறவும் சிபாரிசும் அதிகாரமும் தராசைப் பிடித்துக்கொள்ளும். டேயின் வரலாறே இதற்குச் சான்று. அவரோடு ஒரே நாட்டில் வாழ்ந்த அறிஞர் சங்கங்கள் எண்ணிக்கையை நம்பி அவரைப் புறக்கணித்தனவல்ல, நோக்காமலே புறக்கணித்தன. இந்திய விஞ்ஞானக் கழகங்கள் எவையும் அவரைத் தம் உறுப்பினராகத் தெரிவு செய்யவில்லை; பெரிய விருது எதுவும் அவர் வாழ்நாளில் அவருக்கு அங்கு வழங்கப்படவில்லை. 1978இல் நோபெல் நிறுவனத்தார் வாந்திபேதி பற்றிக் கூட்டிய ஆய்வரங்குக்கு அவர் அழைக்கப்பட்டார். அறுபதுகளின் தொடக்கத்திலேயே தாம் ஆராய்ச்சியாளராக இறந்துபட்டவர் என்றும், அவ்வழைப்பே தம்மை மீளத் தோண்டியெடுத்தது என்றும் பொருள்பட அங்கே அவர் கூறினார். நோபெல் பரிசு பெற்ற ஜோசுவா லேடர்பேர்க் அவரை அப்பரிசுக்கு ஒருமுறைக்கு மேற்பட முன்மொழிந்தார், பரிசு வரவில்லை. பெங்களூரிலிருந்து வெளிவரும் 'கறன்ற் சயன்ஸ்' சஞ்சிகை 1990இல் அவர் நினைவாகச் சிறப்பிதழ் ஒன்றை வெளியிட்டது. அப்போது அவர் இறந்து ஐந்தாண்டுகள் கழிந்திருந்தன. லேடர்பேர்க்கும் கார்பீல்டும் வான் கைனிங்கன் போன்ற நஞ்சாராய்ச்சி வல்லுநரும் டேயின் பெருமையை உணர்ந்தது ஒரு பட்டியலின் அடியிற் கண்ட கூட்டுத்தொகையாலன்று; அக்கட்டுரையை வாசித்ததனால்.

இவ்வாராய்ச்சி ஈழத்துக் கல்விச் சாலைகளுக்கும் அயலானதன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978இல் வைத்தியபீடம் தோன்றியது. நெல்லியடியிலும் கரவெட்டியிலும் பருத்தித்துறையிலும் கற்ற மாணவர் பலர் வைத்தியத்துறை புகுகின்றனர்; அவருட் சிலர் ஆராய்ச்சியை விரும்புகின்றனர். அத்தகைய ஒருவர் தம் ஆராய்ச்சிப் பொருளைத் தெரியும்போது இரண்டு வழிகள் அவர் முன் நிற்கும். ஒன்று, மேனாட்டுப் பேராய்வுகூடங்கள் இன்று பேசும் பொருளைத் தாமும் பேசி மேற்கோள் பெறுவது. மற்றொன்று, குடாநாட்டுச் சுண்ணக்கற் கிணறுகளின் நீரிற் கலக்கும் நைத்திரேற்று, வயல் வேலையாளரைத் தீண்டும் பாம்பு என்றிவ்வாறு தம் மண்ணுக்குரிய இன்னலை ஆராய்வது. இரண்டாவது வழியிற் செல்வார்க்கு எடுத்தாள்வார் சிலரே இருப்பர். ஏனெனில் அவ்வின்னல் உள்ள நாடுகளில் ஆய்வுகூடங்கள் சில. ஆய்வுகூடங்கள் மிக்க நாடுகளில் அவ்வின்னல் இல்லை. எண்ணிக்கையே அளவையாயின் இம்மாணவர் தம் அயலாரின் நோயைக் கைவிடுதலே அறிவுடைமை என்று முடியும். டேயும் அவ்வாறு எண்ணியிருப்பின் முயற்குடலிற் கட்டிய நூல் கட்டப்படாமலே இருந்திருக்கும்.

2012இல் சன் பிரான்சிஸ்கோ நகரிற் கூடிய விஞ்ஞானிகள், ஓர் ஆராய்ச்சியை அது வெளிவந்த சஞ்சிகையின் எண்ணைக் கொண்டு மதித்தல் தகாது, அதன் உள்ளீட்டைக் கொண்டே மதித்தல் வேண்டும் என்னும் பிரகடனத்தை வகுத்தனர். அது அடுத்த ஆண்டில் வெளியாயிற்று. உலகின் பல நிறுவனங்கள் அதில் ஒப்பமிட்டுள்ளன. ஒப்பமிடுதல் எளிது, வாசித்தல் கடினம். ஒரு நியமனச் சபையில் அமர்வோர் விண்ணப்பகாரர் தம் சிறந்தவையெனக் குறித்த மூன்று கட்டுரைகளையேனும் முழுவதும் கற்று, இவர் எழுப்பிய வினா யாது, விடை எவ்வாறு நிறுவப்பட்டது, இதனால் முன்னர் நம்பியது எது மாறிற்று என்று வினவுவாராயின் எண்ணிக்கை தனக்குரிய இடத்தில் அடங்கும். எண் வழிகாட்டும் பலகை; செல்லவேண்டிய ஊர் எழுத்தே.

சம்புநாத் டேயின் 1959ஆம் ஆண்டுக் கட்டுரையைக் கற்பதற்குக் கால் மணி நேரம் போதும். அக்கால் மணி நேரத்தை அவர் வாழ்நாளிற் செலவிட்டோர் சிலரேயாயினர் என்பதே அவர் வரலாற்றின் அவலம். அதே குறை தம்மிடையே வாழும் ஆராய்ச்சியாளர் ஒருவர்க்கும் நேராது காத்தல் கற்றோர் கடன்.